விடைப் பாதி உம்மிடம் இருந்தது

இன்று காலை அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தபோது டீசல் மணத்தது. அனலைதீவுப் படகின் இயந்திரப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தால் உடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மணம். உமது பையில் கடலைத் தாண்டிப் போய்வந்த புத்தகத்திலிருந்து அது இன்னும் போகவில்லை. புத்தகம் என்று சொல்வதும் சரியில்லை. ஒரு புத்தகத்தின் பின் பாதி. முன் அட்டை இல்லை. முதுகில் பிளேட்டால் அறுத்த தடம். உப்புக் காற்றில் ஊதிப் போன தாள்கள். அதை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, எனக்குப் படிக்கத் தோன்றவில்லை. உமக்கு எழுதத்தான் தோன்றியது.

எனக்கு மறுபடியும் வேலை தேடவேண்டிய நிலை. ஒரு நேர்முகப் பரீட்சை இருக்கிறது, அல்லது இருக்கலாம். அது ஏன் 'இருக்கலாம்' என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உம்மையும் என்னையும் நேர்முகப் பரீட்சைகள்தான் உண்மையில் நெருக்கமாக்கின. யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் ஒரே வகுப்பில் கணினி விஞ்ஞானம் படித்தும், முதல் நாள் தொடங்கிய 'நீர்' கடைசிவரை 'நீ'க்கு இறங்கவேயில்லை. பட்டம் கையில் வந்த நேரம் நாடு நெருக்கடியில் கிடந்தது. கொழும்பு மென்பொருள் நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்துவிட்டன. கூப்பிட்டாலும் மூன்று, நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிக்கலைத் தந்து, தங்கள் கண் முன்னாலேயே யோசித்துத் தீர்க்கச் சொல்வார்கள். நான் இரண்டு இடத்தில் முதல் சுற்றிலேயே விழுந்தேன். கேள்வி வந்ததும், தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

பயம் வந்தால் நான் புத்தகம் சேர்ப்பேன். யார் எந்த நூலைச் சிபாரிசு செய்தாலும் அன்றைக்கே மடிக்கணினியில் இறக்கி வைப்பேன். ஒரு நாள் கரம்பொனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நீர் அந்தப் பட்டியலைக் கீழே கீழே உருட்டிப் பார்த்தீர்.

"உதெல்லாம் படிக்கிறீரோ?"

"படிக்கத்தான் இறக்கி வச்சனான்."

"இறக்கி வைக்கேக்க பயம் கொஞ்சம் குறையுது, என்ன?"

நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயம் மட்டும் எனக்கு மனப்பாடமாக இருந்தது.

அடுத்த கிழமை இருவரும் பட்டணத்துக்குப் போனோம். ஒரேயொரு புத்தகம் வாங்குவது, அதை முடிக்கும்வரை வேறொன்றைத் தொடுவதில்லை என்று பேச்சு. கடையில் மூன்று புத்தகங்களை மேசையில் பரப்பினோம். ஒன்று தலையணைத் தடிப்பில் இருந்த கோட்பாட்டு நூல். மற்றொன்று, கேள்வியும் மறுமொழியுமாக அச்சடித்த மெல்லியது. மூன்றாவதில் சிக்கல்கள் முன்னுக்கும், துப்புகளும் விடைகளும் பின்னுக்குமாகத் தனித்தனியே இருந்தன. நான் மெல்லியதை எடுத்தேன். கெதியாக முடித்துவிடலாமே.

நீரோ மூன்றிலும் ஒரே விசயத்தைத் தேடி எடுத்தீர். அகராதியில் சொல் தேடுவதுபோல, பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை. முதலாம் ஆண்டிலேயே நாங்கள் கரைத்துக் குடித்த பாடம்.

"உது தெரிஞ்சதுதானே. தெரியாததை எடுத்துப் பாருமன்" என்றேன்.

"தெரியாததில பாத்தா, பிழை என்ரயோ புத்தகத்தின்ரயோ எண்டு தெரியாது. தெரிஞ்சதை இந்த ஆள் எப்பிடிச் சொல்லுறார் எண்டு பாத்தாத்தான், தெரியாததை இவரிட்டப் படிக்கலாமோ எண்டு விளங்கும்."

நின்றபடியே படித்தீர். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"தங்கச்சி, வாங்கப் போறீங்களோ, இல்லாட்டி இஞ்சயே படிச்சு முடிக்கப் போறீங்களோ?"

"வாங்கத்தான் அண்ணை. எதை எண்டுதான் பாக்கிறன்." தலையை நிமிர்த்தாமலே சொன்னீர். பிறகு மெல்லிய புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தீர். "இதில மறுமொழி கிடக்கு. அந்த மறுமொழிக்கு எப்பிடி வந்தது எண்டு இல்லை. அவங்கள் கேக்கப்போறது அதைத்தான்."

மூன்றாவதை வாங்கினோம். ஊர்காவற்றுறைக்கு வரும் பேருந்திலேயே நான் பின்பக்கத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டேன். முதல் சிக்கலை வாசிப்பது, உடனே விடையைப் பார்ப்பது, 'ஓ, இவ்வளவுதானா' என்று அடுத்ததற்குப் போவது. நீர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். இறங்குதுறையில், உமது ஊருக்குப் போகும் அனலைதீவுப் படகுக்கு நேரம் இருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு பிளேட் வாங்கி வந்தீர். புத்தகத்தை என்னிடமிருந்து எடுத்து, நாங்கள் இருந்த வாங்குப் பலகையில் வைத்து, நடுவாக அறுத்தீர்.

"புதுப் புத்தகமப்பா" என்றேன்.

"கேள்வி உம்மட்ட. மறுமொழி என்னட்ட. மறுமொழி வேணுமெண்டா எனக்குப் போன் எடுக்கோணும். நீர் எதுவரைக்கும் யோசிச்சனீர் எண்டு சொன்னாத்தான் நான் பாத்துச் சொல்லுவன்."

கேள்விகளை நீர் கொப்பியில் எழுதி எடுத்துப் போனீர். அதன் பிறகு வந்த மாதங்களைத்தான் நான் படித்த காலம் என்று சொல்வேன். நீர் காலைப் படகில் வரும் நாட்களில் எங்கள் வீட்டில் இருந்து செய்வோம். மத்தியானப் படகுக்கு உம்மைக் கொண்டுபோய் விடுவேன். மற்ற நாட்களில் தொலைபேசி. நான் யோசித்ததைச் சொல்லச் சொல்ல, நீர் "ம்" என்பீர். பாதி வழியில் பிழை எனக்கே தெரிந்துவிடும். "இனிப் பாக்கட்டோ?" என்று கேட்பீர். "வேண்டாம், நில்லும்" என்பேன். அப்படிச் சொல்ல நான் பழகிக்கொண்டது உமக்குச் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும். நீர் அதைச் சொன்னதில்லை.

மார்கழி மழையோடு உமக்கு அந்த அழைப்பு வந்தது. கொழும்பு நிறுவனம், இணையவழி நேர்முகம். உங்கள் பக்கம் இணைப்பு அறுந்து அறுந்து வரும் என்பதால் எங்கள் வீட்டில் இருந்து கொடுப்பதாக ஏற்பாடு.

அதற்கு முதல் நாள் காலை நீர் தொலைபேசியில் பேசியதை இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் அப்படியே இருக்கிறது.

"மூண்டு நாளாக் காய்ச்சலப்பா. இண்டைக்குக் காலமை விட்டிட்டுது. உடம்புதான் அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு."

"காய்ச்சல் விட்டிட்டுதுதானே, அப்ப நல்லது. இண்டைக்கே வந்து நில்லும். நாளைக்குக் காத்து எப்பிடியோ தெரியாது."

"ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டிப்போட்டு, திகதியை மாத்திக் கேப்பமோ எண்டு யோசிக்கிறன்."

"மாத்தச் சொன்னா வேற ஆளை எடுத்திடுவாங்கள். நாளைக்கு முடிஞ்ச உடனே நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"ஓம், சரி. வாறன்" என்றீர்.

அன்றைக்கு நான் பயந்தது உமது உடம்பைப் பற்றி அல்ல. எத்தனை மாதம் காத்திருந்து வந்த அழைப்பு. அது கைநழுவிப் போய்விடுமோ என்றுதான். உம்முடைய வாய்ப்புக்கு நான் பயந்தேன், என்னுடையதுபோல.

அடுத்த நாள் நீர் என் அறைக்குள் இருந்து கதைத்தீர். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உமது ஆங்கிலம் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. ஒரு மணித்தியாலம் கழித்துக் கதவைத் திறந்தீர்.

"வடிவாக் கேட்டவங்கள். ஒண்டு மட்டும் விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டே சொன்னனான். அப்ப அவங்களும் சேந்து யோசிச்சவங்கள்."

சொல்லிக்கொண்டே கதிரையைப் பிடித்தீர். வயிறு நோகிறது என்றீர். கையைத் தொட்டால் பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்து கிடந்தது. அம்மா ஓட்டோவுக்கு ஓடினா. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் உடனே சேலைன் ஏற்றினார்கள். அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம். வழி முழுக்க என் மடியில் உமது தலை. எத்தனை நாள் காய்ச்சல், எப்போது விட்டது என்று வைத்தியர் கேட்டார். "நேற்றுக் காலமை விட்டிட்டுது" என்றேன், நல்ல செய்திபோல. அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த நேரத்தில்தான் ஆபத்துத் தொடங்கும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

மூன்றாம் நாள் நீர் போய்விட்டீர். உம்மை அனலைதீவுக்குக் கொண்டுபோன படகில் நானும் வந்தேன். உமது அப்பா, "வெளிக்கிடேக்க நான் மறிக்கேல்லை, நான் மறிக்கேல்லை" என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மறிக்கவேண்டியவள் நான் என்று எழுந்து சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அதற்கு அடுத்த கிழமை நிறுவனத்திலிருந்து எனக்கு அழைப்பு. உமது விண்ணப்பத்தில் இரண்டாவது தொலைபேசி இலக்கம் என்னுடையது. நீர் அடுத்த சுற்றுக்குத் தெரிவாகிவிட்டீர், ஆனால் உமது தொலைபேசி வேலை செய்யவில்லை என்றார்கள். அவர் இல்லை என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார்கள். மீண்டும் சொல்லி விளங்கப்படுத்தவேண்டியிருந்தது. அழைத்த பெண் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்?

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு நான் வந்தபோதுதான் உமது அம்மா கொப்பியையும் புத்தகத்தின் பின் பாதியையும் தந்தா. "உமக்குத்தான் உதவும் பிள்ளை." அதைக் கையில் வாங்கியதும் என்னால் அடக்க முடியவில்லை. தொலைபேசியில் நான் சொன்னது முழுவதையும் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டிருந்தா.

"தெரியும். அவள் கதைக்கேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான். நீர் சொன்னது எனக்கும் கேட்டது. காய்ச்சல் விட்டிட்டுது எண்டுதான் நானும் நினைச்சனான். சோறு போட்டுக் குடுத்துத்தான் அனுப்பினனான்."

அது மன்னிப்பா, தன் துயரத்தில் எனக்கும் ஒரு பங்கு தந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பல மாதம் நான் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. பிறகொரு நாள் உமது கொப்பியைத் திறந்தேன். தீர்க்க முடியாத சிக்கல்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'ஏலாது' என்று எழுதி, தீர்த்த பிறகு அதை அழித்திருந்தீர். விடைப் பாதியோ கடல் நனைத்து ஒட்டிப்போய் இருந்தது. நான் கேட்ட விடைகளுக்காக ஒரு சில பக்கங்களை மட்டும் பிரித்திருந்தீர். நான் கேட்காத விடை எதையும் நீர் பார்த்திருக்கவில்லை. அழிபடாமல் நின்ற 'ஏலாது'களில் இருந்து நான் தொடங்கினேன். அப்படிப் படித்துத்தான் முதல் வேலை கிடைத்தது. கரம்பொனில் இருந்தபடியே செய்யும் வேலை. அழிக்கிற உரிமை எனக்கு இல்லை என்று பட்டதால் உமது எழுத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

அந்த வேலைதான் இந்த வருடம் முடிந்துபோனது. திரும்பவும் விண்ணப்பம், திரும்பவும் பயம், திரும்பவும் மடிக்கணினி நிறைய இறக்கிய புத்தகங்கள். இப்போது கேட்கிற கேள்விகளும் மாறிவிட்டன. பழைய புத்தகம் போதாது. பெரிய பெரிய அமைப்புகளை எப்படிக் கட்டுவது என்று கேட்கிறார்கள். ஒரு நாள் முழுக்க இருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பகுதியை ஒவ்வொரு நூலிலும் வாசித்துப் பார்த்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன். எதை அழிக்கிறேனோ அதிலிருந்துதான் கேட்பார்கள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

போன கிழமை, செவ்வாய், காலை பத்து மணிக்கு நேர்முகம். அம்மாவுக்கு வெள்ளியிலிருந்து காய்ச்சல். திங்கள் நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட, "உன்ர சோதனை முடியட்டும்" என்று மறுத்துவிட்டா. செவ்வாய் விடிய எழும்பி வந்து, அடுப்படி வாசலில் நின்று சிரித்தா.

"காய்ச்சல் விட்டிட்டுது பிள்ளை. நீ போய் உன்ர அலுவலைப் பார்."

நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, இன்று ஏலாது, வேறு நாள் தரமுடியுமா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அவர்களுடைய குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. அம்மா ஓட்டோவில் ஏறும்வரை ஏசினா.

"விட்ட காய்ச்சலுக்கு ஆராவது வேலையை விடுவினமே?"

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் அவவை வார்டிலேயே மறித்துவிட்டார்கள். நான்கு நாள். ஒவ்வொரு பரிசோதனை முடிவுக்கும் நான் வாசலில் நின்றேன். நேற்றுத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொல்கிறா.

நிறுவனத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. வராமலும் போகலாம். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மின்னஞ்சலைப் பார்க்கிறேன். ஆனால் நாளை மாற்றக் கேட்டு அந்த அழைப்பை எடுத்ததற்காக ஒரு கணமும் வருந்தவில்லை. உமக்காக நான் எடுத்திருக்கவேண்டிய அழைப்பு அது.

பேருந்தில், கோயிலில், கடையில், யாராவது தங்கள் வீட்டில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னால், மற்றவர்கள் ஆறுதலாக மூச்சு விடுவார்கள். நான் எத்தனையாம் நாள் என்று கேட்டுக்கொண்டே, அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எழும்பிவிடுகிறேன்.