தாங்கியிலிருந்து மூன்று வயர்

மார்கழி 4, செவ்வாய்

விடியவே மழை. துறைமுகப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது. கராஜுக்குள் கணுக்கால் தண்ணீர். புல்மோட்டை எஞ்சினியரின் கார் மறுபடியும் வந்து நிற்கிறது. டாஷ்போர்ட்டில் எச்சரிக்கை விளக்கு அணைவதில்லை. பெற்றோல் தாங்கியின் பிரெஷர் சென்சரில் பிழை என்று ஸ்கானர் காட்டுகிறது. வெள்ளிக்கிழமை அவருக்குக் கொழும்பு போகவேண்டுமாம்.

ம. வழக்கம்போல முன்னால் கதிரையில். ம. என்றால் மச்சான், தங்கச்சியின் புருசன். முழுப்பேர் எழுதக் கை கூசுகிறது. கராஜில் அரைப்பங்கு அவனுக்கு, கையில் ஒருநாளும் கிரீஸ் படாது. "பல்பைக் கழட்டிப்போட்டுக் குடு மச்சான், ஆர் பாக்கப்போயினம்" என்கிறான். இவனுக்குப் போய் அவளைக் கட்டிக்கொடுத்தேனே.

செய்தது: பின்சீற்றைக் கழற்றினேன், தாங்கி அதன் கீழே. சென்சருக்கு ஐந்து வோல்ட் வருகிறது. ஏர்த் சரி. குழாயால் மெல்ல ஊதினால் சிக்னல் ஏறி இறங்குகிறது. நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. ஓடும்போதுதான் பிழை. சனியன்.

புதன்

மழை. தாங்கியிலிருந்து நீள வயர் மூன்று இழுத்து, கறுப்பு டேப் சுற்றி, முன்சீற்றுக்குக் கொண்டுவந்தேன். மீட்டரைப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் எங்கே விழுகிறதென்று தெரியும். மழை விட்டதும் பின் ஒழுங்கைக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம். வயரோடு ரோட்டில் ஏற ஏலாது, சந்திக்குச் சந்தி ஆமிக்காரரின் சென்றி, வயரைக் கண்டால் குண்டென்று நினைப்பார்கள். காரைத் தொடாதே என்று ம.வுக்கு இரண்டு தரம் சொன்னேன். "ஓம் ஓம்." பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

வாங்க: கிளிப், டேப், மீட்டருக்கு பற்றறி.

வியாழன்

நாசமாய்ப் போனவன்.

நான் சாப்பிடப் போன நேரம் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பிள்ளையை ரியூசனால் கூட்டிவர. மழையில் நனையுமாம். சந்தியில் மறித்துக் கதவைத் திறந்தவர்கள் கண்டது, பெற்றோல் தாங்கியிலிருந்து சீற்றுக்கு வயர். மீன்கடைக்காரர் ஓடிவந்து சொன்னார்: ரோட்டைப் பூட்டி, இவனை முழங்காலில் இருத்தி, கண்ணைக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்களாம். பிள்ளை ரியூசன் வாசலில் தனியே நின்றது. நான் போய்க் கூட்டிவந்தேன். அப்பா எங்கே என்று கேட்டது. குடையை அதன் பக்கம் சரித்துப் பிடித்தேன்.

இந்நேரம் என் பேரைச் சொல்லியிருப்பான். வேறென்ன தெரியும் அவனுக்கு. கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரட்டும்.

வெள்ளி

ஒருவரும் வரவில்லை. எஞ்சினியர் போனில் கத்தினார், கார் எங்கே என்று. வைத்துவிட்டேன்.

தங்கச்சி ஆமி முகாமுக்குப் போய் வந்தாள். கம்பிக்கு அங்காலே நிறுத்தி இரண்டு வார்த்தை பேச விட்டார்களாம். முகம் வீங்கியிருக்கிறதாம். வயரை இழுத்தது தான்தான் என்று சொல்லியிருக்கிறான். எதற்கு இழுத்தாய் என்று கேட்கிறார்கள், இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்கக் கேட்க அடி.

"அண்ணா, நீங்கள் போகாதேங்கோ. உங்கடை பேரைச் சொல்லேல்லையாம். அண்ணாவை இஞ்சாலை வரவிடாதை எண்டு சொன்னவர்."

விசரன். சென்சருக்கும் பல்புக்கும் வித்தியாசம் தெரியாதவன் ஏன் வாயைத் திறந்தான்? காலையிலிருந்து அவனைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன்.

மீட்டரைப் பையில் வைத்தேன், வயர் எதற்கென்று நான்தான் போய்ச் சொல்லவேண்டும். தங்கச்சி குசினியில் அழுகிறாள். நான் செருப்பைப் போட்டதை அவள் இன்னும் காணவில்லை.