வளையம் விழுந்த உறைகள்

செப்டம்பர் 9

இன்று மூன்று வாளி. துப்பாக்கிச் சங்கத்துக்காரர்கள் சுட்டுப் போட்ட காலித் தோட்டா உறைகள். கரி, மண், ஒன்றுக்குள் செத்த சிலந்தி. வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு, எஃகு ஊசிகள். எல்லாவற்றையும் டிரம்மில் போட்டு மூன்று மணி நேரம் சுழலவிட்டேன்.

காய்ந்த பிறகுதான் உண்மையான வேலை. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, ஒவ்வோர் உறைக்குள்ளும் விட்டு அடிப்பக்கம் தடவிப் பார்க்க வேண்டும். கம்பி தடுக்கினால் அங்கே தகடு தேய்ந்து வளையம் விழுந்திருக்கிறது. அதில் மறுபடி வெடிமருந்து அடைத்துச் சுட்டால் அடி தனியாகப் பிய்ந்துகொள்ளும். ஒரு வாளியில் பாதிக்கு மேல் அப்படி. எல்லாம் கொட்டகையில் இருக்கும் பழைய இரும்பு டப்பாவுக்குப் போயிற்று.

என் வீட்டுக்காரர் ஆரினுக்கு வயிறு எரிந்தது. "இவ்வளவையும் தூக்கிப் போடுவியா? இந்த வருஷம் கடையில ஒரு உறைகூடக் கிடைக்கல, தெரியுமா?"

"கிடைக்கலன்னா சுடாம இருங்க. மான் சந்தோஷப்படும்."

சிரித்தார். நானும்.

செப்டம்பர் 14

மழை. கழுவியதெல்லாம் அடுப்படி முழுக்கத் துண்டில் பரப்பியிருக்கிறது. ரொட்டி சுட இடமில்லை.

செப்டம்பர் 27

டெல் கெர்ஷாவுக்கு அடிபட்டுவிட்டது. நம் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற டெல். சங்கத்துத் திடலில் துப்பாக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தானாம். தோட்டாவின் அடி பிய்ந்து, நெருப்பும் புகையும் பின்பக்கமாக முகத்தில் அடித்திருக்கிறது. மழையில் மங்குகிறதென்று கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தானாம். மிசூலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

உறை நான் கழுவியது.

செப்டம்பர் 28

வலது கண் போய்விட்டது.

அக்டோபர் 2

எழுதியே ஆகவேண்டும்.

சங்கக் கூட்டம். தலைவர் மாடக்ஸ் எழுந்து, பிய்ந்த உறையை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். "சமையல்கட்டுல சட்டி கழுவுற மாதிரி கழுவினா இப்படித்தான் ஆகும். இது பொம்பளைங்க பொழுதுபோக்குக்குச் செய்யற வேலை இல்ல. இனிமே வெர்னா இதைத் தொட வேண்டாம்."

பன்னிரண்டு வருஷம்! இவன் உறையையும் சேர்த்துத்தானே கழுவினேன்? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்கூட விரல் நுனியெல்லாம் கறுப்பாக உட்கார்ந்து கம்பி விட்டுப் பார்த்தேனே! அத்தனை ஆண்களில் ஒருத்தன் வாயைத் திறக்கணுமே? ஒருத்தன்?

ஆரின் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். காபிக் கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் கேட்டேன், ஏன் பேசவில்லை என்று. "பேசினா இன்னும் பெருசாகும், விடு" என்றார்.

விடுவதா?

அக்டோபர் 3

ஒருவேளை நான்தான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனா? அன்று தொலைபேசி அடித்ததே, எழுந்து போனேனே... திரும்பி வந்து எந்த உறையிலிருந்து தொடங்கினேன்?

அக்டோபர் 6

டெல் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மார்னி கதவைப் பாதிதான் திறந்தாள். "எந்த முகத்தோட வந்தீங்க?" என்றாள். உள்ளேயிருந்து டெல், "விடு மார்னி, வரட்டும்" என்றான்.

முகத்தில் பாதி கட்டு. அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்க எப்படிப் பாப்பீங்கன்னு எனக்குத் தெரியும், வெர்னாம்மா. ஆனா என் கண்ணு போச்சே. யார் மேலயாவது கோபப்பட்டாத்தானே எனக்குத் தூக்கம் வருது."

"என் மேலயே படு. ஆனா மிச்சம் இருக்கிற தோட்டாவைக் கொடு. நான் பாக்கணும்."

மார்னிதான் பெட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். போட்டாள் என்றே சொல்லலாம்.

அக்டோபர் 7

குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிவிட்டுக் கம்பியை விட்டேன். தடுக்கியது. அடுத்தது, தடுக்கியது. அதற்கடுத்தது, அதுவும். ஒன்றைத் தவற விட்டிருக்கலாம், இரண்டை விட்டிருக்கலாம். ஒரு பெட்டி முழுவதையுமா?

ஒன்றன் அடித்துளையில் பழுப்பாக ஒரு துணுக்கு அடைத்திருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன். வால்நட் ஓட்டுத் தூள்.

நான் தண்ணீரில் கழுவுகிறவள். வால்நட் தூளில் போட்டு உலுக்கி எடுக்கிற பழைய மெஷின் கொட்டகையில் இருக்கிறது. அதை ஓட்டுகிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான். கழுவிய பைகளைச் சங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவரும் அவர்தான்.

கொட்டகைக்குப் போனேன். பழைய இரும்பு டப்பா காலி.

அதே நாள், மாலை

சாப்பாட்டு மேஜையில் அந்தத் துணுக்கை அவர் தட்டில் வைத்தேன். விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு பாக்க. தூக்கிப் போட மனசு வரல. எல்லாரும் உறை இல்ல, உறை இல்லன்னு கேட்டுட்டே இருந்தாங்க."

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

தட்டைத் தள்ளி வைத்தார்.

"கூட்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

முன்னாடி! தெரிஞ்சே உட்கார்ந்திருக்கான் இந்த மனுஷன். என்னைக் கழுவி ஊத்தும்போது காபி குடிச்சிக்கிட்டு! முப்பத்தொரு வருஷம் ஒரே கட்டில்ல படுத்தவன்!

பழுது என்று ஒதுக்கியதை எடுத்துக் கொடுத்ததைக்கூட மன்னிப்பேனோ என்னவோ. என்னை நானே சந்தேகப்படவிட்டு வேடிக்கை பார்த்தானே!

"அடுத்த கூட்டத்துல நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். உனக்குப் பதிலா நான் பேசறது இதோட முடிஞ்சுது." நீ என்று சொன்னதை அப்புறம்தான் கவனித்தேன். திருத்தவில்லை.

அக்டோபர் 11

அவர் படுக்கை தையல் அறையில்.

அக்டோபர் 16

சொன்னார். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே சொன்னார். பாதியில் குரல் உடைந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான்! மாடக்ஸ் எழுந்துபோய் அவர் தோளைத் தட்டினார். "மனசைத் தளர விடாத ஆரின். நல்லது செய்யப் போய் நடந்துபோச்சு. நம்மள்ல யாருக்கு வேணும்னாலும் நடந்திருக்கும்." ஒருத்தர் காபி ஊற்றிக் கொடுத்தார். ஒருத்தர் முதுகைத் தடவினார்.

நான் செய்தேன் என்று நினைத்தபோது குற்றம். அவர் செய்தார் என்றதும் விபத்து. அதே உறை, அதே கண்!

என்னிடம் ஒரு வார்த்தை? மாடக்ஸ் வாசல்வரை வந்தார். "அப்புறம் என்ன வெர்னா, வர்ற வாரம் பைகளை அனுப்பிடறேன். வேட்டை சீசன் நெருங்குது."

"உங்க வீட்டுச் சமையல்கட்டு எப்படி இருக்கு, மாடக்ஸ்? சுத்தமா?"

புரியாமல் நின்றார். நான் வண்டியில் ஏறிவிட்டேன். வரும் வழியில் ஆரினைப் பார்க்கவில்லை. அவர் அழுதது காதில் விழுந்தது.

அக்டோபர் 19

டெல் வீட்டுக்கு ஆரின் தனியாகப் போனார். மார்னி கதவைத் திறக்கவே இல்லையாம். படியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். நாளையும் போகிறாராம்.

அக்டோபர் 25

இன்று மார்னி கதவைத் திறந்தாளாம். என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

நவம்பர் 8

காலையில் வாசலில் நான்கு பைகள். சங்கத்து முத்திரை. மேலே மாடக்ஸின் சீட்டு: "அவசரம்."

ஆரின் பைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மேல்சட்டையை மாட்டிக்கொண்டு நான்கையும் வண்டியில் ஏற்றினார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"எங்க வச்சீங்க?"

"மாடக்ஸ் வீட்டுச் சமையல்கட்டு மேஜை மேல. அவர் பெண்டாட்டி காபி குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன்."

அவருக்கும் ஒரு முட்டை உடைத்து ஊற்றினேன்.