உன் இடத்தில் என் பேர்

என் அம்மாவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், அதுவும் பஸ் போர்டு மட்டும். அப்படியிருந்தும் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு எப்போதுமே வராது, உனக்குத்தான் தெரியுமே.

நீ போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுத ஆசைதான். சாப்பிடுகிறார், அவ்வளவுதான். காட்டெருமை வந்து பீன்ஸ் கொடியை மிதித்துவிட்டுப் போனது. அதை இன்னும் எடுத்துக் கட்டவில்லை.

பேங்கிலிருந்து கடிதம் வந்தது. என் பேருக்குக் கீழே உன் பேரும் இருந்தது. படிப்புக் கடனுக்கு நீயும் கையெழுத்துப் போட்டவள் அல்லவா? அடுத்த மாதத்திலிருந்து மாதம் ஆறாயிரம், ஏழு வருஷம்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலை கிடைத்திருக்கிறது. ‘டாக்டருக்குப் பக்கத்துல நிக்கிற படிப்பு’ என்று எஸ்டேட் லைன் வீடு முழுக்கச் சொல்லி வைத்தவள் நீ. சம்பளம் பன்னிரண்டாயிரம். ஹாஸ்டலும் சாப்பாடும் கடனும் போனால் பஸ் காசுதான் மிஞ்சும். சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் முடித்தால்தான் திருப்பித் தருவார்களாம். அட்மிஷன் அன்றைக்குக் காலேஜில் யாராவது இதைச் சொன்னார்களா? நாமாவது கேட்டோமா? ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டோம். சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்க நம் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டிருப்பேன். வீடு இருக்கிறதே. போன வாரம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அப்பாவையும் என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“அண்ணே, நீங்க ரிட்டயர் ஆயாச்சு. ஊடு உங்க சம்சாரம் வேலைக்காகக் குடுத்தது. அவங்க எடத்துக்கு ஒருத்தர் பேர் குடுத்தா ஊடும் நிக்கும், வேலையும் பர்மனென்ட். இல்லீன்னா மாசக் கடைசில சாவியக் குடுத்துருங்க.”

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. “எம்புள்ள கூடை தூக்காதுங்க. சாவியக் குடுத்தர்றனுங்க.”

“எங்க போவீங்க?”

“எங்காச்சும்.”

கடைசி நாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அப்பா கையைப் பிடித்து என் தலையில் வைத்து நீ வாங்கிய சத்தியம் அது. ‘இவ பேரு எஸ்டேட் ரிஜிஸ்டர்ல ஏறக் கூடாது.’ நானும் அங்கேதான் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

நாள் விடாமல் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனால், மாதக் கூலி ஆஸ்பத்திரிச் சம்பளத்தைவிட ஆயிரத்துச் சொச்சம்தான் குறைவு. ஹாஸ்டல் செலவு இல்லை. அப்பாவுக்குக் கூரை இருக்கும். நான்கு வருஷம் படித்தது இதைக் கண்டுபிடிக்கத்தானா?

அம்மா, வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். “அப்பாவுக்குத் தெரியுமா கண்ணு?” என்று ரைட்டர் கேட்டார். தலையாட்டினேன். பொய்.

வெளியே உன் கூட்டாளி மாரியக்கா நின்றிருந்தார். “ஏம்புள்ள, கொழுந்துக்கு டயாலிசிஸ் பண்ணப் போறியா?” என்று கேட்டதும் கூட நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “ரெண்டே நாள்ல வெடிச்சுப் போயிரும். வெரலுக்குத் துணி சுத்திட்டு வா சாமி” என்றார்.

நாளைக் காலை வேலைக்குப் பேர் வாசிக்கும்போது என் பேரும் வரும். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இன்று அரவேணு கடைத்தெருவுக்குப் போய் எனக்கு ஒரு பை வாங்கி வந்திருக்கிறார், கோயமுத்தூருக்குக் கொண்டுபோக. ஜிப்பை இழுத்து இழுத்துக் காட்டுகிறார். “நல்லாருக்குதா?” என்கிறார்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். கூடையோடு நான் நின்றுவிட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தகிரியில் எந்த ஆஸ்பத்திரியாவது உள்ளே விட்டால், சம்பளம் இல்லாவிட்டாலும் மெஷின் பக்கத்தில் நின்று கை பழகிக்கொண்டே இருப்பேன். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் சேர்ந்த அன்றைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு மலை இறங்குவேன். அதற்குள் என்னைவிடச் சின்னவர்கள் எத்தனை பேர் படித்துவிட்டு வந்து நிற்பார்களோ, தெரியவில்லை. ஆனாலும் இறங்குவேன்.

இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். விடிந்தால் யாராவது அவரிடம் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவர் கனவில் வாம்மா. என்னைத் திட்டிக்கொண்டே வந்தாலும் சரி. அந்தச் சத்தியத்திலிருந்து அவரை விட்டுவிடு.

உன் ஒரே மகள்,
கலா