செவி தொட்ட நல்லினியின் வழக்கு

நீர் வாழ்க, நிலம் வாழ்க. நாரைக்கொடி உயர்த்தி வெண்ணாவல் நாடு முழுதும் ஆளும் பெருவேள் செங்கதிரனாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் அறங்கூறும் அமைச்சர் கீரன் எயினனார் விடுக்கும் ஓலை. தென்கரைக் கூற்றத்து அவைத்தலைவர் ஆலன் நன்மாறனார் கண்டு, அவையோர் அனைவரும் கேட்க உரக்கப் படிப்பிக்க. தென்கரை ஏரிகள் நிறைக. உம் மனையோரும் மக்களும் நலமே இருக்க.

நலம் கேட்டாயிற்று. இனி அமைச்சரின் சினத்தையும் கேட்பீராக.

வடஎல்லைப் போரில் இறந்த காரியின் மனைவி நல்லினி, உம் கூற்றத்திலிருந்து கால் வீங்க நடந்து வந்து அரண்மனை வாயிலில் விழுந்தாள். போருக்குப் புறப்படுகையில் காரி தன் ஏரிக்கீழ் நிலத்தை, திரும்பி வரும்வரை உழுதுகொள்ளுமாறு பக்கத்து நிலக்கிழார் கொற்றனாரிடம் விட்டுச் சென்றான் என்பது அவள் வழக்கு. நிலம் தமக்குக் கொடையாகவே தரப்பட்டது என்பது கொற்றனார் கூற்று. அந்த நிலமும் போனால் அவளுக்கும் அவள் பெண்மக்களுக்கும் பிறர் வாசலே கதி.

வழக்கோலை படிக்கப்படும்போது, வழக்காடுவோர் தாம் பார்த்ததைச் சொல்லும் இடத்தில் கண்ணையும், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் இடத்தில் செவியையும் தொடுவது நம் நாட்டு முறை. நிலம் கைமாறிய அன்று நல்லினி பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஆகவே அவ்விடத்தில் செவியைத் தொட்டாள். உடனிருந்து பார்த்தவன் கணவனின் தோழன் விடங்கன் என்றும், காரியின் சாவைச் சொல்ல வந்தபோது அவனே இதையும் சொன்னான் என்றும் பெயரோடு உரைத்தாள். பொய் சொல்ல எண்ணியிருந்தால் கண்ணைத் தொட்டிருக்கலாம். அவள் மனம் ஒப்பவில்லை.

உடனே கொற்றனார் எழுந்து, பிறர் வாய்க் கேட்ட கேள்விச் சொல்லால் கட்டிய வழக்கு அவையேறத் தகாது என்றும், விசாரணைக்கு முன்பே ஓலையைக் கிழித்துவிட வேண்டும் என்றும், விடங்கனும் பின்னர் மாண்டுபோனான் ஆதலால் அவனை அழைக்கவும் வழியில்லை என்றும் முறையிட்டார். இது நல்லினி சொல்லக் கேட்டது மட்டுமன்று. உம் அவை எழுத்தனும் அவ்வாறே எழுதி அனுப்பியிருக்கிறான். நீர் எல்லோரும் தலையசைத்து, வரும் முழுநிலவன்று கிழிப்பதென நாள் குறித்தீர். ஒருமுறை கிழித்த ஓலையின் வழக்கு மறுபடி எழாது என்று அறிந்தே குறித்தீர். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வாசற்படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அமைச்சர்தாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேர்ந்தது.

அவையோரே, வழக்கோலை படிக்கும் நாள் வழக்கு இன்னதென்று அறிவதற்கான நாள். கேள்விச் சொல்லை மட்டும் நம்பித் தீர்ப்புரைக்காதீர் என்பதே முன்னோர் வகுத்த முறை. கேள்விச் சொல்லோடு வந்தவளைக் கதவடைத்துத் துரத்துங்கள் என்று எந்த வேந்தரும் ஆணையிட்டதில்லை. சொன்னவன் பெயர் தெரிந்தபின் அவனைத் தேடுவது அவையின் கடமை. தேடியும் அவன் கிடைக்கவில்லை என்றாலோ, வந்து மறுத்தான் என்றாலோ, அப்போது தாராளமாகக் கிழியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. விடங்கன் மாண்டான் என்று கொற்றனார் சொன்னபோது அவர் கை எங்கே போயிற்று என்று நீர் பார்த்தீரா? எழுத்தன் பார்த்திருக்கிறான். அதுவும் செவிக்குத்தான் போயிற்று. யார் சொல்லக் கேட்டீர் என்று அவரை ஒருவரும் வினவவில்லை. பெரிய மனிதரின் செவி என்றால் அதற்குக் கண்ணும் முளைத்துவிடுமோ என்று அமைச்சர் கேட்கிறார்.

ஆகையால் ஆணை. நல்லினியின் ஓலையைக் கிழிக்கலாகாது. தீர்ப்பு வரும்வரை அந்நிலத்தில் எவரும் ஏர் பூட்டலாகாது, வரப்பைத் தொடலாகாது. நிலம் யாருடையது என்று அமைச்சர் கூறவில்லை. விசாரித்து நீரே கூறுவீர். மீறும் அவை அவையாக நில்லாது.

இவ்வோலையைக் கொண்டு வருபவன் போரில் ஒரு கை இழந்தவன். வடஎல்லைக் கோட்டையிலிருந்து தேடி அழைக்கப்பட்டு, ஓய்வின்றி வருகிறான். அவனுக்கு மோர் தந்து அவை நடுவே நிறுத்துக. எஞ்சிய கையால் அவன் எதைத் தொடுகிறான் என்று, கொற்றனார் உட்பட, எல்லோரும் பார்க்க.

நாரை முத்திரை இட்டது. இது பெருவேள் செங்கதிரனார் ஆணை.

ஓலை கொணர்வோன்: காரியின் தோழன் விடங்கன்.