வானத்தை மாற்றாத படம்

அன்புள்ள அத்தாவுக்கு,

ஷார்ஜாவிலிருந்து இனாயாவின் ஸலாம். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன்.

நீங்கள் போனில் எடுத்து அனுப்பிய ஆலம்பரைக் கோட்டைப் படத்தை எங்கள் போட்டோ லேபில் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கூட வேலை செய்யும் சிங்கப்பெருமாள் கோயில் பரணிதரன் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வானம் இவ்ளோ பேஜாரா கீது? நீல வானம் ஒண்ணு மாட்டிட்டு, செவுத்தாண்ட கீற குச்சியையும் தூக்கிடட்டா?" என்றான். எங்களிடம் நாற்பது வானம் தயாராக இருக்கிறது, அத்தா! "இருக்கறத இருக்கற மாரி எடும்மா, அதான் படம்" என்பீர்களே, அதனால் தொடாதே என்றுவிட்டேன்.

ஆனால் அது என்ன குச்சி என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் சுவர்ப் பூச்சில் கிளிஞ்சல் துண்டுகள் தெரிந்தன. அப்புறம் குச்சியின் ரப்பர் முனை. அப்புறம் கைப்பிடியில் சுற்றியிருந்த உங்கள் கட்டம் போட்ட கைக்குட்டை. முழங்கால் வலி போயே போச்சு என்றீர்களே?

டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் எழுதித் தரும் சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். லீவில் ஊருக்கு வரும் பரணிதான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறான்; அவன் திரும்பும்போது அம்மாவிடம் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

அவனுக்கு ஏர்போர்ட் வண்டி வந்துவிட்டது. பிரிண்ட்டோடு இன்னொரு படமும் வைத்திருக்கிறேன். கடல் தெரியும் என்று சொன்னேனே, அந்த என் ரூம் ஜன்னல். எதிர்க் கட்டடத்துச் சுவர்தான் தெரியும். நானும் எதையும் மாற்றவில்லை.

உங்கள் இனாயா