அப்பாவின் தோளும் ஸ்டீயரிங் பம்பும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், சில நாட்களாகக் காரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, இருமல் எதுவும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, அது அப்படி இல்லை, இப்படி என்று வரிக்கு வரி திருத்துவார், கடைசியில் கதையே அவருடையதாகிவிடும். இப்போது காரைத் துடைக்கப் போயிருக்கிறார். துடைக்க ஆரம்பித்தால் டயர் இடுக்கு வரைக்கும் போவார், அதனால் எனக்கு அவகாசம் இருக்கிறது.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோள் இறங்கியதும், கட்டுப் போட்டதும், அந்த நேரத்தில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. கட்டுப் பிரித்து, பயிற்சியெல்லாம் முடிந்து, ஒருநாள் காலையில் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சாவியை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனை வரைக்கும்தான் போயிருப்பார், உடனே திரும்பி வந்துவிட்டார். கேட்டால் வெயில் என்றார். மறுநாள் டிராஃபிக் என்றார். அதற்கடுத்த நாள் பெட்ரோலை வீணாக்குவானேன் என்றார். வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், பவர் ஸ்டீயரிங் என்ற பேச்சே இல்லாத பஸ்ஸை மார்க்கெட் சந்துக்குள் வளைத்துத் திருப்பியவர், இப்போது வாசலில் நிற்கும் காரைத் தொடப் பயப்படுகிறார். சாப்பாட்டில் ருசி இல்லை, பேச்சில் கிண்டல் இல்லை. ஒருநாள் துணி எடுக்க உள்ளறைக் கதவைத் திறக்கிறேன், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்கிறார், நெற்றியெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் பட்டையைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, பல்லி வந்துச்சு, விரட்டினேன் என்றார். ரப்பரால் பல்லி விரட்டிய முதல் ஆள் உன் அப்பாதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மனசு கனத்துப்போய்க் கதவை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் தோளைக் கடைசியாக ஒருமுறை காட்ட பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனோம். நான்தான் ஓட்டினேன். உனக்கு அவரைத் தெரியாது, சின்னப் பெண், சிரித்த முகத்தோடு எலும்பை முறுக்குவார். தன் கையைக் கொடுத்து, சார், தள்ளுங்க என்றார். அப்பா தள்ளியதில் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துபோய், போதும் சார், எனக்கு இந்தக் கை வேணும் என்று சிரித்தார். நான் சொன்னதைவிட டபுளா பயிற்சி பண்ணியிருக்கீங்க, இந்தத் தோள் இப்ப இடது தோளைவிட நல்லா இருக்கு என்றார். அப்பா சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் சொன்னார், “ஆறுதலுக்குச் சொல்லாதீங்கம்மா. வண்டியைத் திருப்ப முடியல. கல்லைக் கட்டிப்பிடிச்சுத் திருப்புற மாதிரி இருக்கு. இனிமே நமக்கு ஸ்டீயரிங் ஆகாதுன்னு எனக்கே புரிஞ்சுபோச்சு. வண்டியை மருந்துக்கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லிட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார் போகப்போகிறதா, அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா என்று கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. “எனக்கும் அப்படித்தானே இருக்கு!” என்றேன். அப்பா திரும்பினார். உனக்கு எப்படி இருக்கு என்றார். கல்லு மாதிரிதான் இருக்கு, கேட்டுக்குள்ள திருப்பும்போது கை முட்டி நோகுது, புதுசா ஓட்டுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன், பொம்பளைக்குப் பலம் பத்தலன்னு நீங்க சொல்லுவீங்கன்னு வாயைத் திறக்கல என்றேன். டாக்டரம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, “ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே தோள்லயா அடி பட்டுச்சு?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே எழுந்து எங்களோடு வெளியே வந்தார், காரில் உட்கார்ந்தார், எஞ்சினைப் போட்டு இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினார். அது அசைவதற்குள் அவர் பல்லைக் கடித்துவிட்டார். பானட்டுக்குள்ளிருந்து மாடு முனகுவதுபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் தினமும்தான் கேட்டேன், கார் என்றால் கத்தும் என்று விட்டுவிட்டேன். சார், உங்க கை டிஸ்சார்ஜ், பேஷண்ட் இவருதான் என்று காரைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா அங்கேயே நடைபாதையில் நின்று கையை ஒருமுறை மேலே தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். போகிறவர்கள் எல்லாம் அவர் யாருக்கோ டாடா காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பானட்டைத் திறந்தார். ஸ்டீயரிங் ஆயில் ஊற்றும் டப்பாவில் ஆயில் அடியோடு அடியாகக் கிடந்தது. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று கேட்டேன், டிப்போவுல வண்டியை விட்டு இறங்கினா மத்ததை அவங்க பாத்துக்குவாங்க, எனக்கு ஓட்டத்தான் தெரியும், வைத்தியம் தெரியாது என்றார். கார் நிற்பது மரத்தடியில் மண் தரை, சொட்டியதை எல்லாம் மண் குடித்துவிட்டது, அதனால்தான் கண்ணில் படவில்லை. ஃபிரிட்ஜ் வந்த அட்டையை அடியில் விரித்து, புது ஆயில் வாங்கி ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினோம். கொஞ்ச நேரத்தில் அட்டையில் சிவப்பாக வட்டம் வட்டமாக விழ ஆரம்பித்தது. அப்பா கீழே படுத்துப் பார்த்துவிட்டு, இந்த ரப்பர் ஹோஸ்தான் நனைஞ்சிருக்கு, ஹோஸை மாத்தினா முடிஞ்சுது என்று எழுந்தார். நான் விடவில்லை. ஆஸ்பத்திரி லேபில் அத்தனை வருஷம் ரத்தமும் மற்றதும் பார்த்தவள் நான், சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறாக இருக்கும், மேலே எங்கேயோ கசிந்து ஹோஸ் வழியாக வழிந்து வரலாம் என்றேன். நீ என்ன காருக்கு யூரின் டெஸ்ட் பண்ணப் போறியா என்றார். பண்ணத்தான் போகிறேன் என்றேன். அந்தக் கிண்டலைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது தெரியுமா, எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

எஞ்சின் ஆறியதும், ஸ்டீயரிங்குக்கு ஆயிலைத் தள்ளும் பம்பையும் அதைச் சுற்றியிருந்த ஹோஸ்களையும் கிளீனர் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி, ஈரம் இல்லாமல் காயவிட்டேன். பிறகு குட்டி வந்திருந்தபோது மிச்சம் வைத்துப்போன பவுடர் டப்பாவை எடுத்துவந்து பம்பின்மேல், மூட்டுகளின்மேல், ஹோஸின்மேல் எல்லாம் வெள்ளையாகத் தூவினேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். தலைமுடியை இறுக்க முடிந்து, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓடும் பெல்ட்டுக்கு எட்டி நின்று டார்ச் அடித்தேன், அவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினார். ஹோஸ் மூட்டில் இருந்த பவுடர் பால்போல் அப்படியே இருந்தது. டப்பாவைச் சுற்றி இருந்ததும் அப்படியே. பெல்ட் சுற்றுகிற சக்கரம் இருக்கிறதே, அதற்குப் பின்னால், பம்புக்குள்ளிருந்து தண்டு வெளியே வரும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு முளைத்து, வழிந்து, கீழே ஹோஸை நோக்கி இறங்கியது. பானட்டின் அடிப்புறத்தில் பார்த்தால் அந்தச் சக்கரத்துக்கு நேராகத் தெளித்த புள்ளிகள். கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஹோஸ் பாவம், பழியை மட்டும் சுமந்திருக்கு” என்றார். இதுதான் அவர் அகராதியில் மன்னிப்பு.

மறுநாள் ஆயிலை நிரப்பிக்கொண்டு மெல்ல ஓட்டிக்கொண்டு போனோம், உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தானே, நீங்கள் எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவீர்களே, அவனுடைய கார் பட்டறைக்கு. ஆள் இன்னும் அப்படியேதான் இருக்கிறான், மூன்று பிள்ளைகள் பிறந்தும் ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை, வாய் மட்டும் நன்றாகப் பெருத்திருக்கிறது. பானட்டைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கி, என்னம்மா, எஞ்சின்ல குழந்தை வாசனை வருது என்றான். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான், ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் தலையாட்டினான், தண்டைச் சுத்தி ஆயிலை அடைச்சு நிறுத்துற சீல்தான் போயிருக்கு, இடத்தைத் தேடுற வேலை எனக்கு மிச்சம் என்றான். பம்பைக் கழற்றித் தண்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எங்களையும் தடவிப் பார்க்கச் சொன்னான். ஆயில் இல்லாமல் ஓடியதில் தண்டு வரி வரியாகத் தேய்ந்திருந்தது. புது சீல் போட்டாலும் இந்தத் தண்டு அதை அறுத்துடும், பம்பை மாத்திடுங்க, ஆயில்ல ஊறின பெல்ட்டையும் மாத்திடுங்க என்றான். சரி என்றோம்.

புதுப் பம்பைப் பூட்டியதும், உள்ளே மாட்டியிருக்கும் காற்றை எடுக்க வேண்டும் என்று முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து நிறுத்தினான். எஞ்சினைப் போடாமல் ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அவன் ஏறப்போனான். அப்பா, நீ தள்ளு என்று அவனை விலக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உதவி இல்லாமல், வெறும் கையால், இடமும் வலமுமாகத் திருப்பினார். டப்பாவில் குமிழ் குமிழாக நுரைத்து வந்தது, ஒட்டடைக்குச்சி ஆயில் ஊற்றிக்கொண்டே, மாமா, இன்னும், மாமா, இன்னும் என்றான், உன் அப்பா நிறுத்தவே இல்லை. தோள் எப்படி இருக்கு என்று கேட்டேன். எந்தத் தோள் என்றார். நுரை அடங்கியதும் வண்டியை இறக்கி எஞ்சினைப் போடச் சொன்னான். முனகல் இல்லை. அப்பா ஒரே ஒரு விரலை ஸ்டீயரிங்கில் வைத்துச் சுழற்றினார், அது தயிர் கடைவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைத் துடைப்பதுபோல் துண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பட்டறைக் காலண்டரில் என்ன தேதி என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்தார், ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். ஏறுங்க என்று அவரைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு போன உன் அப்பா, ஊரையே சுற்றிக் காட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கொண்டுவந்து விட்டார். அந்த மனுஷன் இறங்கும்போது, “அக்கா, இவரு வண்டியக் குடுக்குற ஆள் இல்ல, சாவியைத் தொடக்கூட விடல, நான் வேற எடத்துல பாத்துக்கறேன்” என்றார். நல்ல மனுஷன், கோபப்படவில்லை, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் வேலையிலோ வீட்டிலோ ஏதாவது சுமையாகத் தெரிந்தால், நமக்குத்தான் தெம்பு போதவில்லை என்று நீயாக முடிவுகட்டி வாயை மூடிக்கொண்டு இருக்காதே, மாப்பிள்ளையிடம் சொல், அவருக்கும் அப்படியே இருக்கலாம். நானும் அப்பாவும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டு திரிந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஏரிக்கரை வரைக்கும் போனோம். போகும்போது அவர் ஓட்டினார், ஒரு பள்ளம் மேடு தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பும்போது, அவர் இறங்கி, காரைச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, இறங்கு, நீ ஓட்டு என்று சாவியை நீட்டினார். கை வலிக்கிறதா என்று பதறிப்போய்க் கேட்டேன். கை வலிக்கல, வெளிய வேடிக்கை பாக்கணும் என்றார். வாழ்நாள் முழுக்க ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காதவர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் தரையில் பிரேக்கைத் தேடிக் காலை ஊன்றிக்கொண்டே வருபவர். முதல் வளைவில் காலைப் பார்த்தேன், ஊன்றத்தான் செய்தார். இரண்டாவது வளைவில் மரங்களை எண்ணிக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியபோது ஏதோ கேட்டேன், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிவிட்டார்.

பாட்டி அள்ளிக் கொஞ்சினாள் என்று குட்டியிடம் சொல். எந்தக் குறையும் இல்லாமல், நினைத்த காரியம் எல்லாம் கைகூடி, நீங்கள் மூவரும் சந்தோஷமாக இருக்க வேண்டும். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா