கழுவாத முக்காடு

ராத்தா,

இன்று விடியலில் சுபஹு தொழ எழும்பியபோது, ஆணியில் தொங்கிய உன் முக்காட்டின் கரையில் ஒரு மயிர் ஒட்டியிருப்பதைக் கண்டேன். அடி வெள்ளை, நுனி கபிலம். முயலின் மயிர். பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

வாப்பா அந்த முயல்குட்டியைக் கொண்டுவந்த அந்திப்பொழுது நினைவிருக்கிறதா? ஆற்றுக்கு மேலே உள்ள மேட்டில் மானாப்புல் வெட்டியவர்கள் கண்டெடுத்தது. தாயை நாய் பிடித்துவிட்டதாம். வாப்பாவின் கைக்குள் அடங்கிக் கிடந்தது.

"வளக்கட்டும், வளக்கட்டும். கொழுத்த பொறகு பிஸ்மி சொல்லி அறுப்போம்" என்றார் மாமா.

நீ தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்: "இது ஒங்கட பல்லிடுக்குக்கும் காணாது மாமா."

வாப்பாகூடச் சிரித்துவிட்டார். எனக்கு அப்படிப் பேச வராது.

ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, துணித்திரியை நனைத்து ஊட்டினாய். மல்லாத்திப் பிடித்தால் பால் மூக்கில் ஏறிவிடும் என்று மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வாய். குடித்து முடித்ததும், தாய் நக்குவதுபோல ஈரப்பஞ்சால் வயிற்றைத் தடவினால்தான் அது மூத்திரம் விடும். அந்த வேலை என்னுடையது. கூடையில் உன் பழைய முக்காட்டை விரித்தோம். அதைத் தவிர வேறெதிலும் அது படுக்கவில்லை.

பெரிய பிள்ளையானதும் என்னையும் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். எனக்கு மூத்தவள் நீ, அதற்கு முன்பே வீட்டோடு. ஜன்னல் கம்பிக்குள்ளால் அந்த மேட்டைக் காட்டினாய். "நமக்குத்தான் போக ஏலா. இது வளந்ததும் அங்க உட்டுடணும், புள்ள."

பிறகு ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது. கொயினா மருந்தின் கசப்பு உன் வாயைவிட்டுப் போகும்வரை முயலை உன் பாயோரம் விட்டு வைப்பேன். நீ விரலை நீட்டுவாய், அது மோந்து பார்க்கும். ஒருநாள் மோந்துவிட்டு விலகி, மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நீ போய்விட்டாய்.

உன் உடுப்பையெல்லாம் உம்மா ஏழைகளுக்குக் கொடுத்தார். கூடையில் கிடந்த முக்காட்டை மட்டும் தொடவில்லை. "அது மூத்திரம் பட்ட நஜீஸ். சதக்கா குடுக்க ஏலா" என்றார். அசுத்தமாக இருந்ததால்தான் அது எனக்கு மிஞ்சியது.

போன கிழமை மாமா வந்து முயலைக் காதில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "இப்ப பல்லிடுக்குக்குக் காணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சி வாறன், கத்தியத் தீட்டி வைங்க." உம்மா தலையசைத்தார். பதில் சொல்ல நீ இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. பாங்கு கேட்டதும் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். தெரு வெறுமையாகக் கிடந்தது. முயலை உன் முக்காட்டில் சுற்றி எடுத்தேன். அடுப்படியிலிருந்து உம்மா கண்டார். சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேட்டில் இறக்கிவிட்டேன். கல்லைப்போல் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரே பாய்ச்சல். மானாப்புல் கொஞ்ச நேரம் ஆடி நின்றது. ஒருதரமாவது திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். பார்க்கவில்லை, ராத்தா.

அப்போதுதான் என் தலையில் ஒன்றுமில்லை என்பதே தெரிந்தது. அவசரத்தில் என்னுடையதை எடுக்க மறந்திருந்தேன். ஜும்ஆ கலைய நேரமாகிவிட்டது. உன் முக்காட்டை உதறாமலே தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.